படைநிலையும் ஆயுதக்களமும்: ஊராகிப்போன ஒரு படைவீடு

அரியலூர் மாவட்டத்தின் கீழைப்பகுதியில், கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருங்கோயிலைச் சுற்றி அமைந்துள்ள சிற்றூர்களின் பெயர்களைப் படித்துச் செல்வோர்க்கு ஓர் ஐயம் எழாமற் போகாது. படைநிலை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், உட்கோட்டை, மாளிகைமேடு, வீரசோழபுரம், கடாரங்கொண்டான் என்று அவை நீள்கின்றன. இன்று இவ்வூர்களில் படையும் இல்லை, ஆயுதமும் இல்லை. முந்திரியும் மானாவாரிப் பயிரும் ஆடுமாடுகளுமாக வாழும் எளிய வேளாண் மக்களே இங்குக் குடியிருக்கின்றனர். ஏர் பிடிப்போரின் ஊர்கள் வாள் பிடித்தோரின் பெயர்களை ஏன் சுமந்து நிற்கின்றன?

இக்கேள்விக்குப் பலரும் ஒரே மூச்சில் விடை சொல்லிவிடுவர்: 'இராசேந்திர சோழன் படை நிறுத்திய இடம் படைநிலை, ஆயுதங்களைச் செய்தும் சேமித்தும் வைத்து வீரரைப் பழக்கிய இடம் ஆயுதக்களம், அரசனின் மெய்க்காப்பாளர் குடியிருந்த புது ஊர் மெய்க்காவல்புத்தூர்.' விடை பெரும்பாலும் சரியானதே என்பதுதான் நமது கருத்தும். ஆயினும் அதை அடைவதற்கு உரிய வழியில் நடந்து அடைய வேண்டும். அறபுக் கல்லூரிகளில் ஹதீஸ் கலையைப் பயின்றவர்களுக்கு இதனை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஒரே ஒருவர் வழியாக வந்த செய்தியை நம் முன்னோர் தள்ளிவிடவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவிடவும் இல்லை. வேறு வழியாக வந்த செய்தி அதற்குத் துணை நிற்கிறதா என்று தேடினர். ஊர்ப்பெயரும் அவ்வாறு வந்த ஒரு தனி அறிவிப்பாளரே. அவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் அவருடைய நினைவாற்றலை நாம் சோதித்தாக வேண்டும். பெயருக்கேற்பக் கதை புனைவது தமிழகத்தில் நெடுநாளைய பழக்கம். 'களம்' என்பது போர்க்களத்தையும் குறிக்கும், நெல்லடிக்கும் களத்தையும் குறிக்கும். எனவே துணைச் சான்று இன்றியமையாதது.

துணைச் சான்று கல்வெட்டிலேயே கிடைக்கிறது. கங்கைவரை சென்று மீண்ட வெற்றியின் நினைவாக, ஏறத்தாழ கி.பி. 1025ஆம் ஆண்டையொட்டி முதலாம் இராசேந்திரன் தஞ்சையை விட்டு இப்புதிய தலைநகருக்கு வந்தான். 1279ஆம் ஆண்டளவில் சோழராட்சி முடிவுறும் வரை, சற்றேறக்குறைய இரண்டரை நூற்றாண்டுகள் இதுவே தலைநகராயிருந்தது. இந்நகரின் மதில்களைக் குறிக்கும் கல்வெட்டுகள் 'இராசேந்திர சோழன் மதில்' என்றும் 'உட்படைவீட்டு மதில்' என்றும் இரண்டைச் சுட்டுகின்றன. இரண்டாவது பெயரைக் கவனிக்க வேண்டும். அரண்மனையைச் சூழ்ந்த உள்மதிலுக்கு அவர்கள் இட்ட பெயரே படைவீடு என்பதை உள்ளடக்கியது. அந்த உள்மதிலின் நினைவே இன்றைய உட்கோட்டை என்னும் ஊர்ப்பெயர் என்று ஆய்வாளர் கொள்கின்றனர். மாளிகைமேட்டில் 1980களிலும், மீண்டும் 2020ஆம் ஆண்டுக்குப் பின்னரும் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் செங்கற் சுவர்களும் கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் சீனத்துப் பீங்கான் துண்டுகளும் வெளிப்பட்டன. மாளிகைமேடு என்ற பெயர் சொன்னது மெய்யே என்று மண்ணும் ஒப்புக்கொண்டது. பெயர், கல்வெட்டு, நிலம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே செய்தியைச் சொல்லும்போது, பக்கத்தில் நிற்கும் படைநிலையையும் ஆயுதக்களத்தையும் நாம் ஐயுற வேண்டிய தேவை மிகக் குறைந்துவிடுகிறது.

இன்னொரு சான்றும் உண்டு. அது சற்றுத் தொலைவிலிருந்து வருகிறது. முதலாம் குலோத்துங்கன் (ஆட்சி: 1070–1120) பாண்டிய நாட்டை அடக்கியபின் தென்கோடியில் இன்றைய நாகர்கோவிலை ஒட்டிய கோட்டாற்றில் ஒரு படையை நிலையாகக் குடியேற்றினான். அதற்குக் கல்வெட்டுகள் தரும் பெயர் 'நிலைப்படை.' நிலைப்படை என்பதும் படைநிலை என்பதும் இரண்டே சொற்கள் இடம் மாறி நிற்பவை. படையெடுத்துச் செல்லும் சேனை வேறு, ஓரிடத்தில் நிலைத்து ஊரோடு ஊராய் வாழும் சேனை வேறு என்னும் வேறுபாட்டைச் சோழர் ஆட்சி சொல்லளவிலேயே அறிந்திருந்தது. நாட்டின் பல பகுதிகளில் இத்தகைய தாவளங்கள் 'கடகம்' என்ற பெயரில் இருந்தன.

அப்படையில் இருந்தவர்கள் யார்? அரசர்களின் பெயர்களை வரிசை பிசகாமல் ஒப்பிக்கும் நம் பாடநூல்கள் இக்கேள்வியைத் தொடுவதேயில்லை என்பது நமக்குள்ள ஒரு குறை. தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகளிலும் பிறவற்றிலும் ஏறத்தாழ எழுபது படைப்பிரிவுகளின் பெயர்கள் காணப்படுகின்றன. வேளைக்காரர், கைக்கோளர், வில்லிகள், வாள்பெற்றோர், குதிரைச் சேவகர், ஆனையாட்கள் என அவை விரியும். பெரும்பாலான பிரிவுகளின் பெயருக்கு முன்னால் அரசனின் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். போர்வீரனுக்குத் தன் பெயர் இல்லை. அவன் அணிக்கு மட்டுமே பெயர். ஆயினும் அந்த அணிகள் வெறும் ஆயுதக் கூட்டங்களாக இருக்கவில்லை. தஞ்சைக் கோயிலின் பொருளை வட்டிக்கு ஏற்று அறக்கட்டளைகளை நடத்தும் பொறுப்பையும் அவை பெற்றிருந்தன. அம்பாசமுத்திரத்தை அடுத்த திருவாலீசுவரத்தில் 'மூன்றுகை மகாசேனை' ஒரு கோயிலையும் அதன் கருவூலத்தையும் தன் காவலில் ஏற்றுக்கொண்டதாகக் கல்வெட்டுக் கூறுகிறது. இலங்கையின் பொலன்னறுவையில் வேளைக்காரர், புத்தரின் பல் சின்னம் வைக்கப்பட்ட ஆலயத்தின் காவலை ஏற்றுப் பொறித்த தமிழ்க் கல்வெட்டு இன்றும் உள்ளது. ஓரிடத்தில் தங்கிவிட்ட படை பொதுப்பணியில் கை வைக்கிறது. ஊராவதற்கு அதுவே முதற்படி.

பழக்குதல் என்னும் செயலும் தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. சங்க இலக்கியத்துப் பத்துப்பாட்டில் மிகச் சிறியதாகிய முல்லைப்பாட்டு காட்டில் அமைந்த ஒரு பாசறையை விரிவாக வருணிக்கிறது. தழை வேய்ந்த குடில்கள், முள்வேலி, தெருக்கள், நீர் அளக்கும் கடிகை, காவல் நிற்கும் யவனர் ஆகியவற்றோடு, யானைக்கு வடமொழிச் சொற்களைச் சொல்லிச் சொல்லிப் பழக்கும் இளைஞரையும் அங்கே காண்கிறோம். யானையைப் பழக்குவது ஒரு திங்களில் முடியும் வேலை இல்லை. அதற்குத் தண்ணீர் வேண்டும், தீவனம் வேண்டும், பாகனின் குடும்பம் தங்க வீடு வேண்டும். அவன் மகன் தந்தையின் தொழிலை அங்கேயே கற்க வேண்டும். ஆகவே ஆனையாள் இருக்குமிடத்தில் ஊர் தானாகவே முளைத்துவிடுகிறது. குதிரைக்கும் இது பொருந்தும். தமிழகத்துப் படைகளுக்கான நல்ல குதிரைகள் அறபு நாட்டிலிருந்தும் பாரசீக வளைகுடாத் துறைமுகங்களிலிருந்தும் கடல்வழி வந்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு நடந்த குதிரை வணிகத்தை வஸ்ஸாஃபும் மார்க்கோ போலோவும் எழுதி வைத்துள்ளனர். அக்குதிரைகள் இங்குள்ளோர் பேணத் தெரியாமையால் விரைவில் மடிந்தன என்று மார்க்கோ போலோ குறைபட்டுக் கொள்கிறார். வணிகரின் வாயிலிருந்து வந்த செய்தியாகையால் அதைச் சற்றுத் தள்ளுபடி செய்தே கொள்ள வேண்டும்!

படைவீரன் ஊரில் வேரூன்றுவதற்கு நிலம் வேண்டும். படைக்கு வாழ்வூதியமாக ஒதுக்கப்பட்ட ஊர்கள் 'படைப்பற்று' எனப்பட்டன. வீரர்க்குத் தந்த நிலம் 'வீரபோகம்' எனப்பட்டது. போரில் மாண்டவனின் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலத்தை 'உதிரப்பட்டி' என்றனர். மூன்றாவதை உச்சரிக்கும்போது நமக்கு நெஞ்சு சற்றே நிற்கிறது. கணவனின் குருதிக்கு ஈடாகக் கிடைத்த வயலில் ஒரு கைம்பெண் நெல் விதைத்தாள். அவள் பிள்ளைகள் அவ்வூரை விட்டு எங்கே போவார்கள்? அரசன் போவான், தலைநகர் மாறும், உதிரப்பட்டிக்காரி போகமாட்டாள்.

இவ்விடத்தில் இஸ்லாமிய வரலாற்றின் தொடக்கக் காலத்தை நினைவுகூராமல் இருக்க இயலவில்லை. ஏனெனில் படைவீடு ஊராகும் செய்தியை உலகில் மிக விரிவாகப் பதிவு செய்தவர்கள் அறபு வரலாற்றாசிரியர்களே. பலாதுரியும் தபரியும் இதற்கென்றே பக்கம் பக்கமாக எழுதியுள்ளனர். கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆணைப்படி உத்பா இப்னு கஸ்வான் (ரலி) பஸ்ராவில் முகாமிட்டபோது அங்கே நாணற்குடில்களே எழுந்தன. போருக்குப் புறப்படும்போது அவற்றைப் பிரித்துக் கட்டி வைத்துவிட்டுச் செல்வர். மீண்டதும் மறுபடி நிறுத்துவர். பின்னர்த் தீப்பிடித்து எரிந்தமையால் பச்சைச் செங்கல்லால் வீடு கட்டினர். செங்கல் வந்த நாளே முகாம் நகரான நாள். மதாயினின் காற்றும் நீரும் அறபியருக்கு ஒவ்வாமையால், ஹிஜ்ரி 17ஆம் ஆண்டு (கி.பி. 638) ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) கூஃபாவை அமைத்தார்கள். பள்ளிவாசலுக்குரிய இடத்தில் ஒருவரை நிறுத்தி நாற்புறமும் அம்பெய்யச் செய்து, அம்பு விழுந்த எல்லைக்கு அப்பாலேயே வீடுகள் கட்டுமாறு பணித்தனர். பெருந்தெருவுக்கு 40 முழம், அதனையடுத்தவற்றுக்கு 30, 20, சந்துகளுக்கு 7 முழம் என அகலம் வகுக்கப்பட்டது. எகிப்தில் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களின் கூடாரத்தைச் சுற்றி ஃபுஸ்தாத் எழுந்தது. அச்சொல்லுக்கே கூடாரம் என்று பொருள் கூறுவர். இத்தகைய படைநகர்களைத்தான் அறபியர் 'அம்ஸார்' என்றனர்.

இவற்றைச் சோழர் படைவீட்டோடு ஒப்பிடும்போது ஒரு வேற்றுமை பளிச்சிடுகிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் போர்வீரருக்கு வயலைப் பங்கிட்டுத் தரவில்லை. தீவானில் பெயர் பதிந்து, ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்கினார்கள். வென்ற நாட்டு உழவர் தம் நிலத்திலேயே உழுதனர். ஆதலால் பஸ்ராவும் கூஃபாவும் ஊதியம் பெறுவோரின் நகரங்களாயின. ஓய்வும் வருவாயும் உள்ளவர்களின் பிள்ளைகள் கல்வியில் இறங்கினர். கலீல் இப்னு அஹ்மதும் அவருடைய மாணவர் ஸீபவைஹியும் பஸ்ராவில் இலக்கணம் வகுத்தனர். கூஃபாவில் கிஸாயீ எதிர்நெறி கண்டார். இன்று நம் அறபுக் கல்லூரிகளில் மாணவன் உருப்போடும் நஹ்வு, இரண்டு படைமுகாம்களின் குழந்தை என்றால் மிகையாகாது. சோழ வீரனோ நிலத்தைப் பெற்றான். நிலம் அவனை உழவனாக்கியது. அவன் பேரன் வாளைத் தொட்டிருப்பானா என்பதே ஐயம். ஒன்று நூலாயிற்று, மற்றொன்று வயலாயிற்று. எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல நாம் முற்படவில்லை. பழைய பஸ்ரா பாழடைந்து, இன்றைய பஸ்ரா சில மைல் தள்ளி நிற்கிறது. ஃபுஸ்தாத் 1168ஆம் ஆண்டில் தீக்கிரையாயிற்று. ஆயுதக்களமோ சிற்றூராகவே இருந்து, சிற்றூராகவே நிலைத்திருக்கிறது.

படையின் பெருமையை மட்டும் சொல்லி நிறுத்துவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. சோழப் படை சென்ற வழியில் இருந்தவர்கள் என்ன சொன்னார்கள்? கர்நாடகத்தில் ஹொட்டூர் என்னுமிடத்தில் மேலைச் சாளுக்கிய மன்னன் சத்யாசிரயனின் காலத்துக் கல்வெட்டு ஒன்று (1007) உள்ளது. சோழன் ஒன்பது இலட்சம் பேர் கொண்ட படையோடு வந்து நாட்டைப் பாழாக்கினான், பெண்டிரையும் குழந்தைகளையும் அந்தணரையும் கொன்றான் என்று அது குற்றஞ்சாட்டுகிறது. ஒன்பது இலட்சம் என்ற எண்ணிக்கை நம்பத்தக்கதன்று. பகைவனின் சாட்சியம் என்பதும் உண்மையே. ஆயினும் பகைவன் சொன்னான் என்பதற்காக அழுகுரல் பொய்யாகிவிடாது. அப்படையெடுப்பை நடத்தியவன் அன்று இளவரசனாயிருந்த இராசேந்திரனே என்று அறிஞர் கருதுகின்றனர். கடாரங்கொண்டான் என்ற ஊர்ப்பெயரைப் பெருமிதத்தோடு சொல்லும் நாம், கடல் கடந்த கடாரத்து மக்கள் அப்பெயரை எவ்வாறு கேட்டிருப்பர் என்றும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். அறபியர் வெற்றிகளைப் பற்றிப் பேசும்போதும் இதே அளவுகோலை நாம் கையிலிருந்து கீழே வைத்துவிடக் கூடாது.

தலைநகர் அழிந்த கதை சுருக்கமானது. பாண்டியர் வென்றபின் அரண்மனை இடிந்தது. செங்கல் தேவைப்பட்டோர் மேட்டைத் தோண்டி எடுத்துச் சென்றனர். அரசன் கட்டிய மாளிகை குடியானவர்களின் சுவராயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டுக் கர்நாடகப் போர்களின்போது பெருங்கோயிலே கோட்டையாகப் பயன்பட்டது. 1836ஆம் ஆண்டு கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது கோயிலின் சுற்று மதிற்கற்கள் அப்பணிக்காகப் பெயர்த்துச் செல்லப்பட்டன. இராசேந்திரன் வெட்டிய சோழகங்கம் என்னும் ஏரி, திருவாலங்காட்டுச் செப்பேடுகளில் நீராலான வெற்றித்தூண் எனப் புகழப்பட்டது. அதுவே பொன்னேரியாய் நின்றது. அதன் கரை வடக்குத் தெற்காகப் பதினாறு மைல் நீண்டிருந்ததாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்பு உண்டு. நமது எண்ணத்தில், படைநிலைக்கும் ஆயுதக்களத்துக்கும் உயிர் கொடுத்துக் காத்தவை இந்த நீரும் ஏர்களுமே. அரசும் மதிலும் போனபின்னும் ஏரி இருந்தவரை உழவன் இருந்தான். உழவன் இருந்தவரை பெயர் இருந்தது.

இவ்வட்டாரத்தில் படைப்பெயர்கள் சோழரோடு முடிந்துவிடவில்லை. உடையார்பாளையம் என்பதிலுள்ள 'பாளையம்' என்ற சொல்லும் பாசறையையே குறிக்கும். விசயநகர, நாயக்கர் காலங்களில் தென்தமிழகம் எங்கும் பாளையங்கள் பெருகின. அரியலூரில் மழவராயரும் உடையார்பாளையத்தில் அதன் பாளையக்காரரும் ஆண்டனர். காவல் செய்வதும் அழைத்தபோது படை அனுப்புவதுமே அவர்கள் கடமை. திறைப்பாக்கி காரணமாக ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலியின் மகன் உம்தத்துல் உமரா, டொனால்டு கேம்பல் என்னும் ஆங்கிலத் தளபதியோடு 1765 சனவரியில் படை நடத்தி இவ்விரு பாளையங்களையும் கைப்பற்றினார். பாளையக்காரர் இருவரும் தேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் அடைக்கலம் புகுந்தனர். நவாப் நம்மவர் என்பதற்காக அச்செயலை நியாயப்படுத்த நமக்கு மனமில்லை. ஆங்கிலேயக் கும்பினியின் துப்பாக்கியைக் கடன் வாங்கி அண்டை நாட்டை அடக்கியவர், பின்னர் அந்தக் கடனுக்கே தம் நாட்டை விலையாகக் கொடுத்ததை நாடறியும்.

படைப்பெயர்கள் நிறைந்த இந்நிலப்பரப்பில் ஒரு பெயர் மட்டும் மாறுபட்டு ஒலிக்கிறது. கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர் மழவராயரின் பாளையத்துக்குட்பட்டிருந்த ஏலாக்குறிச்சியில், பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தாலி நாட்டு வீரமாமுனிவர் தங்கி, அடைக்கல மாதாவின் பெயரால் கோயில் எழுப்பினார். சதுரகராதி (1732) செய்த அப்பெருமகனார் அவ்வூருக்குத் 'திருக்காவலூர்' என்று பெயரிட்டு, அதன்மீது கலம்பகமும் பாடினார். மெய்க்காவல்புத்தூரிலும் காவல் உண்டு. திருக்காவலூரிலும் காவல் உண்டு. முன்னது அரசனின் உடலைக் காத்தோரின் ஊர். பின்னது, படைகள் ஓயாது குறுக்கும் நெடுக்கும் ஓடிய காலத்தில் அஞ்சியோர் புகலடைய வந்த ஊர். அறபியில் 'அமான்' என்போமே, அந்தப் பொருள் இச்சொல்லில் பொதிந்துள்ளது. சமயம் வேறாயினும் சொல்லின் அருமையை நாம் பாராட்டாமலிருக்க முடியாது.

படையிலிருந்து ஊருக்கு இறங்கி வந்த சொற்கள் நம் வீட்டுக்குள்ளேயும் இருக்கின்றன. தமிழ் முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் தாங்கும் 'ராவுத்தர்' என்னும் பெயர் குதிரை வீரனைக் குறித்த சொல். அருணகிரிநாதர் மயிலேறும் முருகனையே ராவுத்தன் என்று அழைக்கும் அளவுக்கு அது தமிழில் கலந்துவிட்டது. இன்று அப்பெயருடையோரில் குதிரையைத் தொட்டுப் பார்த்தவர் எத்தனை பேர்? கடை வைத்தும் பயிர் செய்தும் பள்ளிக்கூடம் நடத்தியும் வாழ்கிறார்கள். ஆயுதக்களத்து உழவரும் நாமும் இவ்வகையில் உறவினரே: பெயரில் படையையும், வாழ்வில் அமைதியையும் வைத்திருப்பவர்கள்.

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் 2004ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் இடம்பெற்றது. மாளிகைமேட்டில் மண்வெட்டி இறங்கியிருக்கிறது. கோயிலுக்கும் அரண்மனைக்கும் கிடைத்த அக்கறை, படைவீட்டு ஊர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பது நமது வேண்டுகோள். அங்கே தோண்டுவோர் அம்பு முனையையும் வாளின் துருவையும் தேடுவது இயல்பு. அவற்றோடு அடுப்புகளையும் உறைகிணறுகளையும் அம்மிக் கற்களையும் குழந்தைகளின் சுடுமண் விளையாட்டுப் பொருள்களையும் ஒன்று விடாமல் கணக்கெடுத்தால், அவ்வீரர்கள் தனியாட்களாக அங்கே தங்கினார்களா, மனைவி மக்களோடு குடியிருந்தார்களா என்பது தெரியவரும்.